அந்த்வியே வந்து தண்டோரா போடட்டும்

அசொமாசே,
பேருந்து நிலையத்துக்குப் பின்புறம்,
திங்கட்கிழமை, சாயங்காலம்.

என் தாயாருடன் ஒரே வயிற்றில் பிறந்தவரும், எங்கள் குடும்பத்துக்கு நடுத்தூணும், தக்கோராடி ரயில்வேயில் நாற்பது வருடம் சிவப்புக் கொடியையும் பச்சைக் கொடியையும் ஒருமுறைகூட மாற்றிப் பிடிக்காமல் ஓய்வுபெற்றவருமான தாய்மாமன் யாவ் சர்ப்பொங் அவர்கள் சமூகத்துக்கு, மருமகன் குவாசி டொம்ஃபே தோளிலிருந்து துணியை இறக்கி, குனிந்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி அஃபுவாவும் உயிரோடு இருக்கிறோம். அங்கு நீங்களும், மாமியும், உங்கள் இரண்டு முழங்கால்களும் சௌக்கியமா என்று அறிய ஆவல்.

முதலில் ஒரு குவளை தண்ணீர் குடித்துவிடுங்கள் மாமா. நான் நேரில் வந்திருந்தால் எனக்குத் தண்ணீர் கொடுத்து, நான் குடித்து முடித்த பிறகுதானே "என்ன சேதியா வந்தே" என்று கேட்டிருப்பீர்கள். கடிதத்துக்குத் தண்ணீர் கொடுத்தால் எழுத்து கலைந்துவிடும். ஆகவே என் பங்கையும் நீங்களே குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

குடித்தாயிற்றா. சேதி இதுதான். நம் ஊர் அரண்மனையில் தண்டோராக்காரர் வேலை எனக்கு வேண்டும். வருகிற வியாழக்கிழமை தலைவர் நானாவின் முன்னிலையில் ஆள் எடுக்கிறார்கள். நீங்கள் புதன்கிழமையே வந்து, பெரியவர்களிடம் எனக்காகப் பரிந்து பேச வேண்டும். ஒரு வேலைக்காக இவ்வளவு பெரிய மனிதரைத் தக்கோராடியிலிருந்து பேருந்தில் குலுக்கிக்கொண்டு வரச்சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். நான் பட்ட பாட்டைக் கேட்டால் நீங்களே நடந்தாவது வந்துவிடுவீர்கள்.

பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருடம் "குமாசி, சுன்யானி, தக்கோராடி" என்று கூவி வண்டிகளை நிறைத்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். என் குரல் கேட்டுக் குமாசிக்குப் போக எண்ணமே இல்லாதவர்கள்கூட ஏறி உட்கார்ந்து, பாதி வழியில்தான் தாங்கள் மருந்து வாங்க வந்தவர்கள் என்பதை நினைத்துப் பார்ப்பார்கள். போன வருடம் ஒரு மத்தியானம் ஓட்டுநர் சங்கத்தார் என்னை அலுவலகத்தில் உட்காரவைத்து, ஒரு சின்னப் பெட்டியின் முன்னால் எல்லா ஊர்ப் பெயரையும் சொல்லச் சொன்னார்கள். எனக்கு ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து நானும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அருமையாகச் சொன்னேன். ஒரு ரொட்டியும் ஒரு டப்பா மத்தி மீனும் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் வேலைக்குப் போனால், கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து நானே கூவிக்கொண்டிருக்கிறேன். சங்கத் தலைவர் என் முதுகில் தட்டி, "நீ வீட்டுக்குப் போ குவாசி, அதான் நீ இங்க இருக்கியே" என்றார். என் வீடோ நிலையத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை என் குரல் உழைக்கிறது, நான் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அஃபுவா சும்மா இருப்பாளா. "குரலு பாவம், காலையிலேயே வேலைக்குப் போயிருச்சு. நீங்க இங்க உட்கார்ந்து என் கருவாட்டுக்கு ஈ ஓட்டுறீங்க" என்பாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மாமா, எனக்கு அழுகை வரும். வாய் இருந்தும் கூப்பிட ஆள் இல்லாதவன் மனிதனா.

இப்படி இருக்கையில்தான் என் சிநேகிதர் குவாக்கு அந்த்வி, மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் ஃபுஃபு சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, "கொஞ்சம் கண்ணை மூடுறேன்" என்று சொல்லி, மூடிய கண்ணைத் திறக்காமலே போய்விட்டார். முப்பத்தைந்து வருடம் நம் ஊருக்குத் தண்டோரா போட்டவர். விடியற்காலையில் கொங்கொங் மணியைக் குச்சியால் டொங் டொங் என்று தட்டிக்கொண்டு அவர் ஏழு சந்தியிலும் போய்ச் சொன்ன பிறகுதான் எதுவுமே நடந்ததாக அர்த்தம். குழந்தை பிறந்தாலும், ஆடு தொலைந்தாலும், நானாவுக்கு ஜலதோஷம் பிடித்தாலும் அந்த்வி சொன்னால்தான் உண்டு. தண்டோரா போடாத சேதி அரண்மனையின் காதுக்கு எட்டக்கூடாது என்பது நம் ஊர் முறை. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் விவரமானவர்கள். உடம்பு தளர்ந்ததும் தாங்களே கடைசித் தண்டோராவாக, "நான் விலகுகிறேன், வேலை காலி" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தார்கள். பதவியில் இருக்கும்போதே செத்துப்போன முதல் ஆள் அந்த்விதான். நல்ல மனிதர், ஆனால் முன்யோசனை கிடையாது.

முதல் நாள் முழுக்க அழுதேன். மறுநாள் விண்ணப்பம் எழுதினேன். இதைத் தப்பாக நினைக்கக்கூடாது. அந்த்வியே என்னிடம் பலதடவை, "நான் போனா இந்தக் குச்சியப் பிடிக்க உன்னவிட்டா ஆளில்லடா" என்று சொல்லியிருக்கிறார். நல்ல துணி கட்டி, ஒரு ஷ்னாப்ஸ் சாராயப் புட்டியும் கையில் எடுத்துக்கொண்டேன். அரண்மனைக்கு வெறுங்கையோடு போகலாமா. அங்கே செயலாளர் போனிஃபேஸ் ஆம்பொன்சா பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் பேச்சை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"என்ன விஷயம்?"

"விண்ணப்பம் ஐயா. தண்டோராக்காரர் வேலைக்கு."

"அந்த வேலையில அந்த்வி இருக்காரே."

"அந்த்வி நேத்து செத்துட்டாருங்க."

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது ஐயா."

"ஊரு ஆயிரம் சொல்லும். தண்டோரா போட்டாங்களா?"

"இல்லீங்க."

"ஏன் போடல?"

"போடறவருதான் செத்துட்டாரே."

"அதத்தான்யா யாரு சொன்னான்னு கேக்குறேன்."

"ஐயா, நேத்து சாயங்காலம் நீங்களே அவரு வீட்டுக்கு வந்து, காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதீங்களே" என்றேன்.

"அது போனிஃபேஸ் அழுதான். அவனும் அந்த்வியும் ஒண்ணாப் படிச்சவங்க. இங்க உட்கார்ந்திருக்கறது செயலாளர். செயலாளருக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்ப வேலை காலின்னு எப்பதான் சொல்லுவீங்க?"

"நாங்க எங்க சொல்றது? முறைன்னு ஒண்ணு இருக்கில்ல. அந்த்வியே வந்து தண்டோரா போடட்டும். அப்புறமா விண்ணப்பம் வாங்குவோம்."

எனக்கு ஆத்திரம் மூக்குக்கு மேல் வந்தது. "நானே அந்தக் கொங்கொங்க எடுத்து அடிச்சுட்டா?" என்று கேட்டேன். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதவியில இல்லாதவன் தண்டோரா போட்டா ஒரு செம்மறி ஆடு, ரெண்டு ஷ்னாப்ஸ் அபராதம். பாத்து நடந்துக்க" என்றார். விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். புட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அரண்மனைக்குள் வந்தது வெளியே போனால் நானாவுக்கு அவமரியாதையாம். நான் திரும்பி வருகையில் பதிவேட்டில் அவர் எழுதுவதை எட்டிப் பார்த்தேன். "அந்த்வி: விடுப்பு" என்று எழுதினார்.

அன்றிலிருந்து ஊர் படுத்துக்கொண்டது மாமா. சாக்கடை வெட்டச் சனிக்கிழமை எல்லாரும் மண்வெட்டியோடு வரவேண்டும் என்று நானா உத்தரவு போட்டார். ஒரு ஆள்கூட வரவில்லை. கேட்டால், "தண்டோரா கேக்கலையே" என்கிறார்கள். உத்தரவு தெரியாமலா இருந்தது, அதைப் பற்றிப் பேசிக்கொண்டேதான் எல்லாரும் வீட்டில் படுத்திருந்தார்கள். மேலத்தெருவில் ஒருவன் காணாமல்போன ஆடு ஒன்றைக் கண்டுபிடித்தான். யாருடையது என்று தண்டோரா போடாததால் அவனே வைத்துக்கொண்டான். அது இரண்டு குட்டி போட்டது. ஆட்டுக்காரன் வந்து மூன்றையும் கேட்டான், இவன் ஒன்றுதான் தொலைந்தது, ஒன்றுதான் தருவேன் என்று நின்றான். சர்ச்சுக்காரர்கள் தங்கள் ஒலிபெருக்கியைத் தருகிறோம் என்றார்கள். அரண்மனை ஒப்பவில்லை. ஒலிபெருக்கியில் வந்தால் அது செய்தி, கொங்கொங்கில் வந்தால்தான் உத்தரவு. இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து கிழங்குத் திருவிழாவுக்கு வந்தது. திருவிழா நாளைத் தண்டோரா போட்டுச் சொல்லாமல் புதுக் கிழங்கு சாப்பிடக்கூடாது அல்லவா. சந்தையில் புதுக் கிழங்கு மலையாய்க் குவிந்து முளைவிட ஆரம்பித்துவிட்டது. நம் நானாவுக்கோ புதுக் கிழங்கு என்றால் உயிர். அவர் போன வருடத்துக் கிழங்கைச் சுரண்டிச் சுரண்டித் தின்றுகொண்டு, ஜன்னல் வழியாகச் சந்தையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதாகச் சேதி வந்தது. அந்தச் சேதிக்கும் தண்டோரா கிடையாது.

இதில் நான் சிரிக்க முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. அந்த்வியின் மனைவி அத்வோவா கொமா. அடக்கம்வரை உடலை வைத்திருக்கும் பிணவறையிலிருந்து அதைத் திரும்ப வாங்க அரண்மனைக் கடிதம் வேண்டும். அரண்மனைக்கோ அந்த்வி விடுப்பில் இருக்கிறார். பத்து நாள் கழித்து அவள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது, விடுப்பு முடிந்தும் பணிக்கு வராததற்குக் காரணம் காட்டச் சொல்லி. என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"என்னன்னு பதில் எழுதறது குவாசி அண்ணே?"

"உண்மைய எழுதும்மா."

"செத்துட்டாருன்னு எழுதுனா, அதுக்கு மொதல்ல தண்டோரா போடணும்னு திருப்பி அனுப்பிருவாங்களாம். உடம்பு சரியில்லன்னு எழுதிரவா? பொய்யும் இல்ல பாருங்க. இதுக்குமேல என்ன சரியில்லாமப் போகணும்."

அப்படியே எழுதினோம். நாலு நாளில் பதில் வந்தது. தங்கள் கணவர் விரைவில் குணமடைய அரண்மனை பிரார்த்திக்கிறது, மருத்துவர் சான்றிதழை இணைக்கவும். அதைப் படித்துக் காட்டியதும் அவள் என் வீட்டு வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "வாய்விட்டு ஒரு தடவ அழ முடியல அண்ணே. அழுதா, லீவுல போனவன் பொண்டாட்டிக்கு என்ன அழுகைன்னு கேப்பாங்களாம். துக்கத்துக்குக் கறுப்புத் துணி எடுத்துக் கட்டினேன், அரண்மனைக் கோல்காரர் வந்து கழட்டுன்னுட்டுப் போறாரு. கொங்கொங் என் கட்டிலுக்கடியில கிடக்கு. அது மேல படுத்துத் தூக்கம் வரல. நீங்கதானே அந்த வேலையக் கேட்டீங்க, எடுத்து அடிங்களேன்" என்றாள். நான் அடிக்கவில்லை. அடித்தால் ஆடும் புட்டியும் போவது பெரிதல்ல. முறை தவறியவனுக்கு அந்த வேலை ஜென்மத்துக்கும் கிடைக்காது. சிநேகிதர் ஐஸில் கிடக்கிறார், நான் என் வேலையை நினைத்துப் பயந்துகொண்டு நிற்கிறேன். அன்றைக்கு என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது மாமா. அஃபுவாதான் ஒரு பெரிய கருவாட்டை இலையில் சுற்றி அத்வோவா கையில் கொடுத்து அனுப்பினாள்.

போன வியாழக்கிழமை, பூமிக்கு ஓய்வென்று யாரும் மண்ணில் கொத்து வைக்காத நாள், நானா சபையைக் கூட்டினார். கிழங்கு கூட்டவைத்தது என்று சொல்வதுதான் சரி. அத்வோவாவும் நானும் போய் நின்றோம். நானா தன் வாயால் நேரே பேசமாட்டார். காதோடு ஒரு வார்த்தை சொல்வார், கோல்காரர் தங்கக் கோலைத் தூக்கிப் பிடித்து அதை ஒன்பது வார்த்தையாக்கி நமக்குச் சொல்வார். "வேலைய யாருக்காவது குடுத்துத் தொலைங்கப்பா" என்பதுபோல் நானா முணுமுணுத்தது என் காதிலேயே விழுந்தது. கோல்காரர், "யானைக்குத் தந்தம் எப்படியோ அப்படி அரசுக்குத் தண்டோரா என்பதை நன்கறிந்த நம் நானா, இதன் பொருட்டுப் பெரியோர் கருத்தை நாடுகிறார்" என்றார்.

பெரியவர்கள் கருத்து சொன்னார்கள். ஒருவர், பணிக்கு வராத அந்த்வியை நீக்கிவிடலாம் என்றார். நீக்கியதைத் தண்டோரா போடவேண்டுமே. இன்னொருவர், ஒரு நாளைக்கு மட்டும் தற்காலிகமாக ஆள் போடலாம் என்றார். போட்டதைத் தண்டோரா போடவேண்டுமே. மூன்றாமவர், எதுவுமே செய்யாமல் பொறுத்துப் பார்ப்போம், அந்த்வி மனம் மாறலாம் என்றார். அவருக்கு வயது தொண்ணூறுக்கு மேல். அப்போது சந்தைப் பக்கமிருந்து புதுக் கிழங்கு வாசனை காற்றில் வந்தது. நானா சட்டென்று நிமிர்ந்து கோல்காரர் காதில் ஏதோ சொன்னார். கோல்காரர் முதல்முறையாக வார்த்தை கூட்டாமல் சொன்னார்: "பதவியில் இருப்பவர் அந்த்வி. அந்த்வியே வந்து தண்டோரா போடட்டும்."

"அவரு எப்படிங்க போடுவாரு?" என்றாள் அத்வோவா.

"ஏன், நாற்காலியில உட்காரவெச்சுக் கூட்டிட்டுப் போனா ஆகாதா? போன மாசம் செத்த தையக்காரன் ஒருத்தன மிஷின் முன்னாடி உட்காரவெச்சுத்தானே எல்லாரும் கும்பிட்டோம். கையில குச்சியக் குடுத்து ஒருத்தர் பிடிச்சுக்கிட்டாப் போச்சு" என்றார் செயலாளர்.

"பேச்சு?"

சபையில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. நான் துணியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தேன். செயலாளர் உடனே கையை உயர்த்தினார். "குரல மட்டுந்தான்பா கூப்பிடறோம். உன்னக் கூப்பிடல. பின்னாடி வேலையக் குடுத்துட்டீங்கன்னு வந்து நிக்காத."

பணி நிமித்தம் அழைக்கப்படுகிறார் என்று அரண்மனை கடிதம் கொடுத்ததும் பிணவறைக்காரர்கள் ஒரு கேள்வி கேட்காமல் அந்த்வியை அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை அவரை அவருடைய நல்ல துணியில் உடுத்தி, சிறு லாரியின் பின்பக்கம் நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டினோம். அவர் மைத்துனர் அவர் கையைப் பிடித்துக் குச்சியால் கொங்கொங்கைத் தட்டினார். நான் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். முதல் சந்தியில் டொங் டொங் என்றதும் நான் எடுத்தேன்.

"அசொமாசே மக்களே, நடக்கறவங்க நில்லுங்க, இடிக்கறவங்க உலக்கைய வைங்க. அந்த்வி சொல்றேன். நான் மூணு செவ்வாய்க்கு முன்னாடி, மதியச் சாப்பாட்டுக்கப்புறம் செத்துப்போயிட்டேன். நாளைக்கு என்னை அடக்கம் பண்ணறாங்க. எல்லாரும் வாங்க. என் வேலை காலியா இருக்கு. கிழங்குத் திருவிழா அடுத்த ஞாயித்துக்கிழமை."

ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. சிரிக்கிறார்கள், அழுகிறார்கள், இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள். பலகாரக்காரி ஒருத்தி பழக்கதோஷத்தில், "எப்படி இருக்கே அந்த்வி?" என்று கேட்டுவிட்டாள். நானும் பழக்கதோஷத்தில், "செத்ததத் தவிர மத்தபடி சௌக்கியம்" என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது சந்திவரை எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான் மாமா, மறைக்கவில்லை. என் குரலைக் கேட்டுக் கதவுகள் திறந்தன. ஆனால் மூன்றாவது சந்தி அந்த்வியின் வீட்டுச் சந்தி. அங்கே "அந்த்வி சொல்றேன்" என்று ஆரம்பித்ததும், தினமும் விடியற்காலையில் அதே இடத்தில் அவர் அதைச் சொல்லுவது ஞாபகம் வந்து, "செத்துப்போயிட்டேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. மைத்துனர் மறுபடி தட்டினார். மறுபடி தட்டினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். அப்போதுதான் அத்வோவா வாசலில் விழுந்து ஓவென்று அழுதாள். பதினேழு நாள் அடக்கிவைத்த அழுகை. கோல்காரர் தன் கையாலேயே அவள் தோளில் கறுப்புத் துணியைப் போட்டுவிட்டார். சனிக்கிழமை அடக்கம் குறைவில்லாமல் நடந்தது.

ஆக, முறைப்படி வேலை இப்போது காலி. ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் முப்பத்தேழு விண்ணப்பம் வந்ததாம். நான் அவ்வளவு தெளிவாகக் கூவியதன் பலன். பக்கத்து ஊர்க்காரர்கள்கூடக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். நானாவின் ஒன்றுவிட்ட தம்பி மகன் ஒருவனும் போட்டிருக்கிறான். அவன் பேசினால் பக்கத்தில் இருக்கும் கோழி திரும்பாது, ஆனால் ரத்த சம்பந்தம் இருக்கிறது. எனக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான் மாமா. இந்த வேலை கிடைக்காவிட்டால் மிச்சக் காலம் முழுக்க அந்தக் கம்பத்துக் குழாயைக் கேட்டுக்கொண்டேதான் நான் கிடக்கவேண்டும். ஆகவே புதன்கிழமை வண்டி ஏறி, இரண்டு ஷ்னாப்ஸோடு வந்து, பெரியவர்கள் காலில் உங்கள் வெள்ளைத் தலை படுகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இந்தக் கடிதத்தை நாளைக் காலை தக்கோராடி வண்டி ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

மாமிக்கு என் வணக்கத்தையும் அஃபுவாவின் வணக்கத்தையும் தனித்தனியாகச் சொல்லுங்கள், சேர்த்துச் சொன்னால் அஃபுவா கோபிப்பாள். நம் முன்னோர்கள் உங்கள் வீட்டுத் தண்ணீர்ப்பானையை நிறைத்தே வைக்கட்டும். நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து யாரும் கை கொடுக்காமல் எழுந்திருக்கும்படியான முழங்கால்களை அருளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சகோதரியின் மகன்,
விண்ணப்பதாரர் குவாசி டொம்ஃபே.

பின்குறிப்பு (செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி): வண்டி நிறைய இன்னும் நாலு பேர் வரவேண்டுமாம். அதற்குள் இதை எழுதுகிறேன். மேலே எழுதியது எதுவும் வேண்டாம் மாமா. வேலைக்காகப் பேச வரவேண்டாம். விடிவதற்கு முன்னால் செயலாளர் கொங்கொங்கோடு என் வீட்டுக்கு வந்தார். விண்ணப்பம் முப்பத்தேழும் தள்ளுபடி, வேலை காலியில்லை என்றார். "அந்த்வியே வந்து காலின்னு போட்டாரே ஐயா" என்றேன். "போட்டாரு. வெள்ளிக்கிழமை பணிக்கு வந்து வேலையை ஒழுங்காச் செஞ்சிருக்காருன்னு பதிவேட்டுல இருக்கு. முப்பத்தஞ்சு வருஷத்துல அந்த்வி இவ்வளவு நல்லாப் போட்டதே இல்லன்னு நானா சந்தோஷப்பட்டுட்டாரு. அப்படிப்பட்ட ஆள எடுத்துட்டு வேற ஆளப் போடுவாங்களா? அவரே இருக்கட்டும்னு முடிவு. குரலு அதே குரலா இருக்கணும், நடக்கறதும் நீயே நடந்துரு" என்று குச்சியை என் கையில் கொடுத்தார். ஆக வேலை அந்த்வியுடையது, பார்ப்பவன் நான். எனக்கு அது போதும்.

முதல் உத்தரவைத் தாளில் எழுதிக் கொடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். "அந்த்வி அறிவிப்பது. போன வெள்ளிக்கிழமை பதவியில் இல்லாமலே ஏழு சந்தியிலும் தண்டோரா கூவிய, வேலைவெட்டி இல்லாத குவாசி டொம்ஃபே என்பவன், அபராதமாக ஒரு செம்மறி ஆடும் இரண்டு ஷ்னாப்ஸும் அரண்மனைக்குக் கொண்டுவரவும்." ஆகவே நீங்கள் எப்படியும் வாருங்கள். மேலே கேட்ட இரண்டு புட்டியும் கையில் இருக்கட்டும், ஆட்டுக்கு மட்டும் கொஞ்சம் பரிந்து பேசினால் போதும்.

உத்தரவை ஏழு சந்தியிலும் சொன்னேன். ஒரு எழுத்தையும் விழுங்கவில்லை. அஃபுவா கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கைகட்டி நின்று முழுக்கக் கேட்டாள். கடைசிச் சந்தியில், சுன்யானியிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு தையல்காரி கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். "ஐயா, அந்த வேலவெட்டி இல்லாத டொம்ஃபேங்கறது யாருங்க?" என்று கேட்டாள்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்" என்றேன். "நான் வேலையில இருக்கேன்."